யாருடைய லாந்தர்? மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையில் வேற்றுமை உருபும் நாட்டுப் பிரிவினையும்

அண்மைக் காலத்தில் இலக்கிய வகுப்புகளில் சிறுகதையை ஆராய்வதற்கு ஒரு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. முதலில் கதையிலிருந்து உலகளாவிய சிக்கல் ஒன்று பிரித்தெடுக்கப்படும். அது இடப்பெயர்வாக இருக்கலாம். வறுமையாகவோ போராகவோ பாலினப் பாகுபாடாகவோ இருக்கலாம். அதன்பின், அச்சிக்கலைப் புலப்படுத்த ஆசிரியர் மேற்கொண்ட தெரிவுகளை, அதாவது நோக்குநிலை, குறியீடு, தொனி முதலியவற்றை, மாணவர் வரிசைப்படுத்துவர். கதையைக் குறித்து ஏதும் சொல்லத் தெரியாமல் ‘மனிதநேயம் மிளிர்கிறது’ என்று எழுதி முடித்த பழைய வழக்கத்தைவிட இது மேலானதே. ஆனால் இம்முறை சிக்கலைப் பொருளாகவும் மொழியை அப்பொருளைச் சுமக்கும் கலமாகவும் காணப் பழக்கிவிடுகிறது. கலத்தை மாற்றினாலும் பொருள் சிந்தாது என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளர்களிடையே வேரூன்றியதற்கும் இப்பார்வைக்கும் தொடர்பு உண்டு.

சாதத் ஹசன் மண்ட்டோ உருது மொழியில் எழுதி 1955இல் வெளிவந்த ‘டோபா டேக் சிங்’ என்னும் கதையை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அக்கதையில் சிக்கலையும் தெரிவையும் தனித்தனியே எடுத்து வைக்க இயலாது என்பதே. நாட்டுப் பிரிவினை என்னும் வரலாற்று நிகழ்ச்சி அதில் ஓர் உடைமைப்பொருள் உருபிலும் ஒரு வினைமுற்றின் விகுதியிலும் தங்கியிருக்கிறது. அவ்விடங்களில் கைதவறும் மொழிபெயர்ப்பு கதையின் வரலாற்றையே தவறவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வரலாறு. 1947 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த சிரில் ராட்கிளிஃப் ஐந்தே வாரங்களில் வகுத்த எல்லைக்கோடு, விடுதலை நாளுக்குப் பின்னர், ஆகஸ்ட் 17ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. தாம் எந்நாட்டில் இருக்கிறோம் என்பதை அறியாமலேயே பஞ்சாப், வங்கம் ஆகிய பகுதிகளின் மக்கள் இரு நாள்களைக் கழித்தனர். ஏறத்தாழ 1.2 கோடி முதல் 1.5 கோடி வரையிலானோர் எல்லையைக் கடந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. மக்கள் பிரிந்தபின் மற்றவற்றையும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அலுவலகக் கோப்புகளும் படைக்கருவிகளும் நூலக நூல்களும் பங்கிடப்பட்டன. சிறைக் கைதிகள் மாற்றிக்கொள்ளப்பட்டனர். இவ்வரிசையின் கடைசியில், 1950இல், லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரசுக்கும், இந்தியப் பகுதியில் இருந்த முஸ்லிம் நோயாளிகள் லாகூருக்கும் அனுப்பப்பட்டனர். பிரிவினைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்ததாகக் கதை கூறும் இந்நிகழ்ச்சியைக் கற்பனை என்றே பல வாசகர்கள் எண்ணுகின்றனர். நடந்ததை நடந்தவாறே சொன்னால் அங்கதமாகிவிடும் காலம் அது.

சமயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு மக்களைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் 1947இல் தோன்றியதும் அன்று. 1923 ஜனவரியில் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கிரீசும் துருக்கியும் தம் சிறுபான்மையினரைக் கட்டாயமாக மாற்றிக்கொண்டன. அங்கும் மொழி கணக்கில் கொள்ளப்படவில்லை. துருக்கி மொழி மட்டுமே பேசிய அனடோலியக் கிறித்தவர்கள் கிரீசுக்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்ததைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். தாம் பிறந்திராத, பலர் கண்டுமிராத ஒரு நாட்டுக்கு வந்து இறங்கிய அவர்களுக்குத் தமிழ் அரசு வழக்கு சூட்டிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பது. ‘திரும்பு’ என்னும் வினையடி அங்கே செய்யும் வேலையைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மண்ட்டோ 1912இல் லூதியானா மாவட்டத்துச் சம்ராலாவில் பிறந்து, அமிர்தசரசில் வளர்ந்து, பம்பாய்த் திரையுலகில் எழுதிப் பிழைத்து, 1948 ஜனவரியில் லாகூருக்குக் குடிபெயர்ந்தவர். ஆபாசக் குற்றச்சாட்டின் பேரில் பிரிவினைக்கு முன் மும்முறையும் பின் மும்முறையும் நீதிமன்றம் ஏறியவர். மதுப்பழக்கத்துக்கான சிகிச்சைக்காக லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்தும் இருக்கிறார். 1955 ஜனவரி 18ஆம் நாள் லாகூரிலேயே காலமானார். கதையின் களத்தை அவர் வெளியிலிருந்து மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு மேல் இவ்வாழ்க்கைக் குறிப்புகளுக்கு இங்கு வேலை இல்லை.

கதையைச் சொல்பவரின் குரல் அரசு அறிக்கையின் குரல். உயர்நிலைக் கூட்டங்கள் நடக்கின்றன, தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன, நாள் குறிக்கப்படுகிறது. அந்நடவடிக்கைக்கு அவர் ஆளும் சொல் ‘தபாத்லா’ என்பது. கைதிகளுக்கும் நோயாளிகளுக்கும் மக்கள்தொகைக்கும் அதே ஒரு சொல்தான். தமிழில் ‘பரிமாற்றம்’ என்பது பொருந்துகிறது; பொருள்களுக்கும் மடல்களுக்கும் உரிய அச்சொல்லை மனிதருக்கு ஆளும்போது எழும் உறுத்தல் மூலத்துக்கு இசைவானதே. ‘இடமாற்றம்’ என்று எழுதினால் ஊழியர் மாறுதல்போல் இயல்பாகிவிடுகிறது. ‘குடிபெயர்ப்பு’ என்பது இன்னும் மோசம். அது ஆசிரியர் காட்ட மறுக்கும் இரக்கத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

இந்த அறிக்கைக் குரலுக்கு நடுவே நிற்பவர் பிஷன் சிங் என்னும் சீக்கியர். ‘நிற்பவர்’ என்பது வெறும் வழக்குச் சொல் அன்று, பதினைந்து ஆண்டுகளாக அவர் படுத்ததில்லை, எப்போதாவது சுவரில் சாய்ந்துகொள்வதுண்டு, கால்கள் வீங்கியிருக்கின்றன. அவருடைய ஊர் டோபா டேக் சிங். அதனால் மருத்துவமனையில் அவரையே அப்பெயரால் அழைக்கின்றனர். அவர் பெரும்பாலும் பேசுவதெல்லாம் ஒரே தொடர். கேட்போருக்கு உளறல்.

அவ்வுளறலை ஒரு மொழியியலாளர் உளறல் என்று ஒதுக்கிவிட இயலாது. அதன் சொற்களுக்குப் பிறப்பிடம் உண்டு. ‘மேலே’ என்பதைக் குறிக்கும் ஒரு சொல், குடுகுடுவென்னும் ஒலிக்குறிப்பு, ஆங்கிலத்திலிருந்து வந்த ‘அனெக்ஸ்’, கவனமின்மையைச் சுட்டும் ஒரு சொல், பாசிப்பயறு, பருப்பு, இறுதியில் ‘லால்டேன்’, அதாவது லாந்தர். பதிப்புக்குப் பதிப்பு எழுத்துவடிவில் சிறு வேறுபாடுகள் காணப்பட்டாலும் அமைப்பு ஒன்றே. இச்சொற்களைக் கோப்பது ‘தி’ என்னும் பஞ்சாபி உடைமை உருபு. அது தமிழின் ‘உடைய’ போன்றது. உடையவன் முன்னும் உடைமை பின்னுமாக வரும். பஞ்சாபியில் இவ்வுருபு உடைமைப் பெயரின் பால், எண்ணுக்கேற்ப ‘தா’, ‘தி’, ‘தே’ எனத் திரிய வேண்டும். இங்கே பெண்பால் ஒருமை வடிவமே இறுகிப்போய் எல்லா இடத்திலும் நிற்கிறது.

தொடரின் கடைசிக் கண்ணிக்கு முன்பாக ‘ஆஃப்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல் நுழைகிறது. அதையடுத்தும் ‘தி’ வருகிறது, அதன்பின் லாந்தர். இந்த ஓரிடத்தில்தான் கதையின் நுட்பமான தெரிவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உருது எழுத்தில் பஞ்சாபி உருபாகிய ‘தி’யும், ‘த’ என்றோ ‘தி’ என்றோ ஒலிக்கும் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. எனவே ‘ஆஃப் தி’ என்பதில் உள்ள ‘தி’ எம்மொழிக்கு உரியது என்பதை எழுத்து சொல்லாது. ஆங்கிலம் எனக் கொண்டால் லாந்தர் உடையவன் ஆகிறது. அதற்கு முன் வந்தவையெல்லாம் அதன் உடைமைகள். பஞ்சாபி எனக் கொண்டால் லாந்தர் உடைமை ஆகிறது. முன் வந்தவை அதை உடையவை. வலப்புறம் நோக்கி ஓடிவந்த உடைமைச் சங்கிலி ‘ஆஃப்’ வந்ததும் திசை திரும்பலாம்; திரும்பாமலும் போகலாம். எது எதற்கு உரியது என்பது அவ்விடத்தில் முடிவாகாது.

பிரிவினைச் செய்தி மருத்துவமனையை எட்டியபின் மாறுவது இந்த இடம் மட்டுமே. லாந்தர் நின்ற இடத்தில் ‘பாகிஸ்தான் கவர்ன்மெண்ட்’ வந்து அமர்கிறது. சில நாள் கழித்து அதையும் நீக்கி ‘டோபா டேக் சிங் கவர்ன்மெண்ட்’ அமர்கிறது. தம்மைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் நோயாளியிடம் தம் ஊர் எங்கே என்று அவர் கேட்க, அக்கடவுள் இன்னும் ஆணை பிறப்பிக்கவில்லை என்கிறார். அப்போது உளறல் சீக்கியரின் வெற்றி முழக்கமாக உருமாறுகிறது. பழைய நண்பர் வந்து சென்றபின் பாகிஸ்தானும் ஹிந்துஸ்தானும் ஒருங்கே அவ்விடத்தில் அமர, ஒரு பஞ்சாபி வசைச்சொல் ஈற்றில் சேர்கிறது. எல்லையில், அவருடைய ஊர் பாகிஸ்தானில் இருப்பதாக அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னபின், டோபா டேக் சிங்கும் பாகிஸ்தானும் ‘அண்ட்’ என்னும் சொல்லால் இணைகின்றன. பெயர்கள் மாறுகின்றன; சட்டகம் மாறவில்லை. மனிதன் நாட்டுக்கு உரியவனா, நாடு மனிதனுக்கு உரியதா என்னும் வினாவை மண்ட்டோ எங்கும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உடைமைப்பொருள் நிற்கும் ஓரிடத்தைத் திறந்து வைத்து, அதில் நாடுகளை ஒவ்வொன்றாக அமர்த்தி எழுப்புகிறார். ராட்கிளிஃப் ஆணையம் ஊர்களுக்குச் செய்ததும் அதுவே.

ஆங்கில மொழிபெயர்ப்புகள் இவ்விடத்தில் இருவழிப்படுகின்றன. சில எல்லா இடத்திலும் ஆங்கிலச் சுட்டையே எழுதிவிடுகின்றன. அப்போது பஞ்சாபி உருபு மறைந்து, உடைமைச் சங்கிலியே அறுந்து, சொற்குவியல் ஒன்றுதான் மிஞ்சுகிறது; பிஷன் சிங் உண்மையிலேயே பைத்தியமாகிறார். வேறு சில பஞ்சாபி உருபை ஒலிபெயர்த்துக் கடைசியில் மட்டும் ஆங்கிலச் சுட்டை இடுகின்றன. இது மேலானது என்றாலும் ஐயத்துக்கு இடமில்லாதவாறு திசையை முடிவு செய்துவிடுகிறது. உரோமன் எழுத்தில் இரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று.

தமிழ் எழுத்து இங்கே எதிர்பாராத விதமாகக் கைகொடுக்கிறது. மொழி முதல் தகரத்தில் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டை நம் எழுத்து காட்டுவதில்லை என்பதைக் குறையாகவே பேசிவந்திருக்கிறோம். ஆனால் ஆங்கிலச் சுட்டையும் ‘தி’ என்றே எழுதுகிறோம். பஞ்சாபி உருபையும் ‘தி’ என்றே எழுதலாம். மூலத்தின் இரட்டுறல் எழுத்துமாறாமல் நின்றுவிடுகிறது. பஞ்சாபியில் அவ்வுயிர் நெடில் என்று கருதி ‘தீ’ என எழுதுவோர் உண்டு. தமிழில் அது நெருப்பாகிவிடும் என்பதால் குறிலே தக்கது. ‘லால்டேன்’ என்பதை ‘லாந்தர்’ என மாற்றலாம். இரண்டும் ஐரோப்பியர் வழிவந்து மக்கள் வாயில் உருமாறிய சொற்களே. ‘விளக்கு’ என்று தூய தமிழாக்கினால் வந்தேறிச் சொல் ஒன்று உடைமையின் இடத்தில் அமர்ந்திருக்கும் வேடிக்கை போய்விடும். தொடர் முழுவதையும் தமிழ் உளறலாக மாற்றிவிடுவோரிடம்தான் எனக்குக் கடுமையான வேறுபாடு உண்டு. தமிழில் உடையவன் எப்போதும் முன்னால் வருவதால், மாறும் பெயர் தொடரின் ஈற்றிலிருந்து தலைக்குச் சென்றுவிடும். லாந்தர் அணைந்த இடத்தில் அரசு ஏறுவதைச் செவி கடைசியாகக் கேட்க வேண்டும். முதலில் கேட்டால் அது அறிவிப்பாகிவிடும்.

இனி, நண்பர் ஃபஸல் தீன் வரும் இடம். ஊரிலிருந்து வரும் அம்முஸ்லிம் நண்பர் பிஷன் சிங்கின் குடும்பத்தார் அனைவரும் நலமாக ஹிந்துஸ்தான் போய்ச் சேர்ந்ததாகக் கூறுகிறார். அவர்களைச் சகோதரர், சகோதரி என்னும் முறைச்சொற்களோடு சேர்த்தே பெயர் சொல்கிறார். எருமை கன்று ஈன்றதைக்கூட விட்டுவிடாமல் சொல்கிறார். மகள் ரூப் கௌரின் பெயர் வந்ததும் மட்டும் நாக்குத் தடுமாறுகிறது. ஒரு நிறுத்தம், பிறகு அவளும் நலம், அவளும் அவர்களோடு போய்விட்டாள் என்கிறார். அத்துடன் சரி. ஆசிரியர் இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அந்நிறுத்தத்தின் நீளத்தை அளக்க வரலாறு வேண்டும். கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1947 டிசம்பரிலேயே இரு நாடுகளும் உடன்பட்டன. இந்தியா 1949இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1947 மார்ச் 1ஆம் நாளுக்குப் பின் குடும்பத்தைப் பிரிந்து, பிறர் ஒருவரோடு வாழ்வதாகக் காணப்பட்ட எந்த வயது முஸ்லிம் பெண்ணையும் அச்சட்டத்தின் வரையறை ‘கடத்தப்பட்டவர்’ என்றது. அவளுடைய விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்னும் விதி அதில் இல்லை. சட்டம் வரையறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கதை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்து எழுத்துகள். தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பயிற்சிக்காகத் திருத்தும்போது, அவ்விடத்தில் ‘தயங்கியபடி’, ‘கண்கள் பனிக்க’ போன்ற அடைகள் சேர்க்கப்பட்டிருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். புரியாமல் போய்விடுமோ என்னும் அச்சமே காரணம். ‘அவளும்’ என்பதிலுள்ள உம்மை போதும். எச்சவும்மை இறந்தது தழுவுவது என்று படித்த நாம், இங்கே அது தழுவ மறுப்பதைக் கேட்க வேண்டும்.

கடைசி வாக்கியத்துக்கு வருவோம். பதினைந்து ஆண்டுகள் நின்ற மனிதர் வாகா எல்லையில் விடியுமுன் அலறிக் கீழே விழுகிறார். இருபுறமும் முள்வேலிகளுக்கு அப்பால் இரு நாடுகள். நடுவில் பெயரில்லாத் துண்டு நிலத்தில் டோபா டேக் சிங். உருது வினைமுற்று ஆண்பால் ஒருமை. அம்மொழியில் உயர்திணை, அஃறிணை வேறுபாடு வினையில் இல்லை. ஊரும் ஆண்பால், ஆளும் ஆண்பால். விழுந்து கிடப்பது மனிதரா, ஊரா என்று வினை சொல்லாது. பெயரில்லா நிலத்தில் ஒரு பெயர் கிடக்கிறது, அவ்வளவே. கதையின் நடுவில் ‘டோபா டேக் சிங் எங்கே’ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த வினாவைத் தமிழில் வினைமுற்று இல்லாமலே கேட்டுவிடலாம். முடிவில் அப்படித் தப்ப வழியில்லை. ‘கிடந்தான்’ அல்லது ‘கிடந்தார்’ என்றால் ஊர் போயிற்று. ‘கிடந்தது’ என்றால் மனிதர் போனதாகத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் இவ்வாக்கியத்தைக் கொடுத்தபோது பெரும்பாலோர் ‘கிடந்தான்’ என எழுதினர். ஒருவர் ‘கிடந்தார்’ என்று எழுதி, பைத்தியக்காரருக்கும் மரியாதை வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறொருவர் வினைமுற்றையே நீக்கிப் பெயரோடு வாக்கியத்தை முடித்திருந்தார். அதனால் இரட்டுறல் காக்கப்பட்டது. ஆனால் மூலத்தின் அறிக்கைநடை குலைந்து, கவிதை வரியாகிவிட்டது. கதை முழுதும் கவிதையாக மறுத்த ஆசிரியரைக் கடைசி வரியில் கவிஞராக்குவது முறையன்று.

நான் ‘கிடந்தது’ என்றே எழுதுகிறேன். உடல் கிடந்தது என்று சொல்லும் வழக்கு நமக்கு உண்டு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பழையது. உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் ஒரு நூற்பாவில் தொகுத்துத் தருகிறது. குடிமை, அடிமை, அரசு, குழவி ஆகியவை அதில் அடங்கும். இயற்பெயருக்கு அவ்விதி நீளாது என்பதை அறிவேன். ஆனால் மருத்துவமனையில் அவரை அழைத்தது இயற்பெயரால் அன்று, ஊரின் பெயரால். குளத்தைக் குறிக்கும் ‘டோபா’ என்னும் சொல்லோடு, வழிப்போக்கருக்கு அங்கே நீர் கொடுத்ததாகச் சொல்லப்படும் டேக் சிங் என்பாரின் பெயர் சேர்ந்து உண்டான ஊர்ப்பெயர் அது. அவ்வூர் அடங்கியிருந்த லாயல்பூர் 1977இல் ஃபைசலாபாத் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1982இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோதும் டோபா டேக் சிங் மட்டும் ஒரு சீக்கியரின் பெயரை விடாமல் பாகிஸ்தானில் இருந்துவருகிறது.